இடையில் ஒரு கல் குறைகிறது

இன்ஸ்பெக்டர் மேசைமேல் கத்தியை வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, மனுஷர் இந்த வழக்கை மனசுக்குள் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டார் என்று.

"பாத்துக்குங்க. தொடறது மட்டும் வேணாம்."

வாலு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் ஏன் சார் தொடறேன்? எங்க அக்கா வீட்டுல வெங்காயம் நறுக்கற கத்தியையே தொட்டதில்ல. கத்திக்குக் கூர் இல்ல, உனக்கு வெக்கமில்லன்னு ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் திட்டுவா."

வாலு என்பது அந்த அக்கா வைத்த பெயர்தான். அக்காவின் கணவர் துப்பறியக் கிளம்பும் இடமெல்லாம் இவனும் பின்னாலேயே போனதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மாமா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடிக்கிற வேலையில் இருந்தவர். வேலையை விட்டார், மோப்பத்தை விடவில்லை. வாலுவுக்கு எந்த வேலையும் இல்லை, அதனால் எதையும் விட வேண்டிய அவசியமும் வரவில்லை.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஓட்டலின் முதலாளி, ஓட்டலுக்கு விடுமுறையான நாளன்று சாயங்காலம், தன் சமையலறையிலேயே குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். ஒரு வீச்சு குறி தப்பி இரும்பு அலமாரியின் விளிம்பில் பட்டிருக்கிறது. கத்தியின் வாயிலிருந்து குருணை அளவுக்கு ஒரு சில்லு தெறித்துத் தரையில் கிடந்தது. அது யாருடைய கத்தி என்று தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு கடினமான எஃகில் கத்தி வைத்திருந்தது அந்த ஊரிலேயே செத்துப்போன முதலாளி ஒருவர்தான். கடல் தாண்டி வரவழைத்து, குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். சாதாரணக் கத்தி இரும்பில் மோதினால் மடங்கும். இது மடங்காது, உடையும்.

அந்தக் கத்தி அன்றைக்குச் சாணைக்காரர் பட்டறையில் இருந்தது. கத்தியைக் கெடுத்துவிட்டாய் என்று முதலாளி பட்டறை வாசலில் நின்று கத்தியதையும், சாணைக்காரர் பதிலுக்குக் கத்தியதையும் தெருவே கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் போலீஸ் பட்டறையைத் திறந்தபோது கத்தி மாட்டியில் சாதுவாகத் தொங்கியது. உடைந்த இடமே இல்லை. வாய் முழுவதையும் சில்லின் ஆழத்துக்கு யாரோ தேய்த்து இறக்கிப் புதிதாகத் தீட்டியிருந்தார்கள்.

"அவர் என்ன சொல்றார்?" என்றார் மாமா.

"ரெண்டே வார்த்தை. ‘நான்தான் தீட்டினேன். பட்டறைக்கு ஒரே சாவி, அது என்கிட்டதான்.’ அதுக்கப்புறம் வாயில பசை போட்டுக்கிட்டான். கொன்னியான்னு கேட்டா சுவரைப் பாக்கறான்."

"எப்ப சொன்னார் இதை?"

"பட்டறையில வெச்சே. கத்தியைக் காட்டினோம். முதல்ல முழிச்சான். வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுங்கன்னான். காட்டினோம். பாத்தான், நான்தான்னு சொல்லிட்டான்."

"தான் தீட்டின கத்தியைச் சாய்ச்சுப் பாக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். மாமா ஒரு காகிதத்தால் கத்தியைப் பிடித்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். கத்தியின் வாய் ஓரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளப்பு. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் அந்தப் பளபளப்புக்கு அடியில் ஆழமான கோடுகள் தெரிந்தன, அடுத்தடுத்து, ஒழுங்கில்லாமல்.

"மேல பவுடர், உள்ள அம்மைத் தழும்பு," என்றான் வாலு. "எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார் மாமா, இதே மாதிரி."

மாமா சிரிக்கவில்லை.

* * *

வாசலில் சாணைக்காரரின் மனைவி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. சோடாக்காரம் தின்ற கைகள், தூக்கம் தின்ற கண்கள். மாமாவைத் தேடி வந்தவள் இவள்தான். எங்கே போனாலும் அவள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவர் திரும்பி வந்துருவார்ல சார்?"

புருஷனின் சட்டைப்பையில் இருந்த பொருள்களைப் போலீஸ் அன்றுதான் அவளிடம் கொடுத்திருந்தது. சீப்பு, கைக்குட்டை, பட்டறைச் சாவி. அந்தச் சாவியைத் தன் பைக்குள் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து வந்தாள்.

பட்டறையை அவளுடைய தம்பி ஏற்கனவே பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். "நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். அங்க போலீஸ்காரங்க மிதிச்சுப் போட்டது போட்டபடி கிடந்துச்சு," என்றாள். தம்பிக்கு வாலுவின் வயதுதான் இருக்கும். தொழில் சமையல். செத்துப்போன முதலாளியின் ஓட்டலில்தான் வேலை பார்த்து, நாலு மாதம் முன்பு துரத்தப்பட்டவன். அதை அவனே சொன்னான், ஒளிக்கவில்லை. இடது கை விரல்கள் மூன்றில் கட்டுப் போட்டிருந்தான். டீ டம்ளரை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினான்.

"என்ன பாஸ், கையில?" என்றான் வாலு.

"சூடான சட்டியைப் பிடிச்சுட்டேன். வேலை போனாலும் அடுப்பு நம்மள விட மாட்டேங்குது."

"நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நான் சட்டியில சோறு விழுந்தப்புறம்தான் கிட்டவே போவேன். நீயும் அக்கா வீடு, நானும் அக்கா வீடு. ஒரே கட்சிதான்."

தம்பி சிரித்தான். வாலுவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. டீயும் நன்றாக இருந்தது.

மாமா சாணை மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நீளமான மரப்பலகை. அதில் கல்லை இறுக்கிப் பிடிக்க மூன்று மரச் சட்டங்கள். முதல் சட்டத்தில் சொரசொரவென்று கறுப்பாக ஒரு தீட்டுக்கல். மூன்றாவதில் சோப்புக்கட்டியைப் போல வழுவழுவென்று வெள்ளையாக ஒன்று. நடுச் சட்டம் காலி.

"இந்தக் கறுப்பன் பேரு முரடன்," என்றாள் அவள். புருஷனைப் பற்றிப் பேச ஏதோ கிடைத்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இரும்பை அள்ளி எடுக்கறது இவன்தான். எடுக்கறப்ப கோடு கோடாக் கீறி வெச்சிருவான். அடுத்தது சமாதானம். முரடன் பண்ணின ரகளையெல்லாம் தீத்து வைக்கற கல்லு. கடைசியா வெள்ளையா இருக்கறது மாப்பிள்ளை. மத்தவங்க வேலையெல்லாம் முடிச்சப்புறம் வந்து பேரைத் தட்டிக்கிட்டுப் போவார். எல்லாம் அவர் வெச்ச பேருங்க."

"மாப்பிள்ளைங்களைச் சரியாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கார்," என்று வாலு மாமாவைப் பார்த்தான்.

மாமா அதையும் கண்டுகொள்ளவில்லை. "சமாதானத்தைத் தாண்டிட்டு நேரா மாப்பிள்ளைகிட்ட போனா என்னம்மா ஆகும்?"

"சாதாரணக் கத்தின்னா பெருசா தெரியாது சார். இந்த மாதிரி கல்லு கணக்கா இருக்கற எஃகுன்னா முரடன் போட்ட கோடு போகவே போகாது. மேல பளபளன்னு வரும், அடியில கோடு அப்படியே இருக்கும்." மாட்டியிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்து நீட்டினாள். "இது அவர் கை. பாருங்க."

மாமா சாய்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு கோடு இல்லை.

"அப்ப அந்தக் கத்தியைத் தீட்டினது உங்க வீட்டுக்காரர் இல்ல," என்று வாலு துள்ளினான்.

"அவசரம்டா," என்றார் மாமா. "இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்? கொலை பண்ணின படபடப்புல ஒரு கல்லை விட்டுட்டான்னு சொல்வார். நானே அந்த இடத்துல இருந்தா அப்படித்தான் சொல்வேன்." அவர் காலிச் சட்டத்தில் விரல் வைத்தார். "சமாதானம் எங்கம்மா?"

அவள் மேடைக்குக் கீழே பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தம்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க," என்றான்.

"போலீஸ் எடுத்தது கத்தி மட்டும்தான்," என்றார் மாமா.

"அப்ப வீட்டுல இருக்கும் சார்!" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தேய்க்கத் தேய்க்கக் கல்லு நடுவுல குழிஞ்சு போயிரும். குழிக்கல்லுல தீட்டினா வாய் வளைஞ்சிரும். அதனால அப்பப்ப வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, புழக்கடை சிமெண்டுத் தரையில தேய்ச்சுச் சமப்படுத்துவார். இங்க மரத்தரை, தேய்க்க முடியாது."

தம்பியின் கையில் ஒரு டம்ளர் நழுவி உருண்டது. கட்டுப் போட்ட கை பாவம் என்று வாலு அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

* * *

புழக்கடையில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்குள் சமாதானம் ஊறிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். மாமா எடுத்துப் பார்த்தார். மேற்பரப்பு மேசைக் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு முழ அகலத்துக்குத் தேய்த்த தடம் வெளுத்துக் கிடந்தது.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. மாடியில் குடியிருக்கும் பெண்மணி.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? அந்தக் கரகர சத்தத்துல எனக்கு மண்டையிடி இன்னும் போகல!"

"என்னிக்கும்மா தேய்ச்சார்?" என்று கேட்டார் மாமா.

"அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போனாங்கல்ல, அதுக்கு முந்தின நாள்தான். சாயங்காலம் ஆரம்பிச்சவர் விளக்கு வெச்சும் விடல. டிவியில என்ன பேசறாங்கன்னே கேக்கல. நான் இங்கருந்து கத்தறேன், அவர் கீழருந்து ‘இதோ முடிஞ்சுதுக்கா, இதோ முடிஞ்சுதுக்கா’ங்கறார். அப்புறம் பார்த்தா வாசப்படியில உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தார், இவ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். கொலைகாரன் வந்து கல்லைத் தேய்ச்சுக்கிட்டா இருப்பான்? என்கிட்ட ஒரு போலீஸ்காரனாவது கேட்டானா?"

சாணைக்காரரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொலை நடந்த நேரத்தில் மனுஷர் புழக்கடையில் இருந்திருக்கிறார். அந்த நேரம் முழுக்கச் சமாதானமும் அவர் கையிலேயே இருந்திருக்கிறது. பட்டறையில் அதைத் தாண்டிப்போய்த் தீட்டியவன் வேறு எவனோ ஒருவன்.

"மாமா, முடிஞ்சுது! இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க. மாடி அக்காவையும் கூட்டிட்டுப் போவோம். அவங்க குரலுக்கு லாக்கப் கதவு தானாவே திறந்துக்கும்."

மாமா போனை எடுக்கவில்லை. கல்லை வாளிக்குள் மெதுவாக வைத்தார். துப்பு கிடைத்தால் மாமா மீசையைத் தடவுவார், அது வாலுவுக்குத் தெரியும். இப்போது அவர் கை மீசைக்குப் போகவில்லை.

"ஏன்டா வாலு, இவ்வளவு நல்ல சாட்சியைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் ஏன் வாயை மூடிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கார்?"

"பயத்துல தோணியிருக்காது."

"சாய்ச்சுக் காட்டுங்கன்னு கேட்கத் தோணுச்சே. அடியில கோட்டைப் பாத்தார். எந்தக் கல்லு விட்டுப்போயிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரு கைன்னும் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் நான்தான்னு சொன்னார்." மாமா அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "அம்மா, பட்டறைக்கு ஒரே சாவிதான்னு உங்க வீட்டுக்காரர் போலீஸ்ல சொல்லியிருக்கார்."

"இல்லையே சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தம்பிகிட்ட ஒண்ணு இருக்கே. வேலை போயி வெறுமனே சுத்தறான், பகல்ல பட்டறையில வந்து ஏதாவது கத்துக்கட்டும்னு அவர்தான் போட்டுக் குடுத்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

வாலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைச் சாவி அவள் பைக்குள், ஆட்டோவில், அவர்களோடு வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டறைக் கதவு திறந்து, உள்ளே பெருக்கித் தண்ணீர் தெளித்து, டீ தயாராக இருந்தது. அந்த டீயைத்தான் அவன் நன்றாக இருக்கிறது என்று குடித்தான். இதைவிடப் பெரிய துப்பு மூஞ்சிக்கு நேரே நின்று டம்ளர் நீட்டியும் அவன் ஜோக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவர்களோடு வந்து சோறு வைக்க உள்ளே போயிருந்த தம்பி சமையலறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே உலையில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. அத்தானுக்கு லாக்கப்பில் கொடுக்க அவன்தான் தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு போகிறான்.

"கையைக் காட்டுப்பா," என்றார் மாமா.

அவன் நீட்டவில்லை. அக்காதான் எழுந்து போனாள். அவன் கையைப் பிடித்து, கட்டைப் பிரித்தாள். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. மூன்று விரல் நுனியிலும் தோல் வழித்து எடுத்தது போலச் சிவந்து, தட்டையாகத் தேய்ந்திருந்தது.

"இது சட்டி சுட்டது இல்ல," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "எங்க வீட்டுக்காரர் தொழில் கத்துக்கிட்ட புதுசுல இப்படித்தான் வந்து நிப்பார். கத்தியை அழுத்திப் பிடிக்கிற விரல் கல்லுல உராயும். நான்தான் மருந்து போடுவேன்."

"அக்கா..."

"என்னடா பண்ணின?"

அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே குந்தினான். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. கத்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனானாம். அத்தான் தீட்டி முடித்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, நானே கொண்டுவந்தேன் முதலாளி, சண்டையை மறந்துடுங்க, என்னைத் திரும்பச் சேத்துக்குங்க என்று கேட்கப் போனான். முதலாளி கத்தியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்னை எந்தக் கிச்சன்லயும் சேக்கக் கூடாதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்னார். போ, போயி அக்கா சோத்தைத் தின்னுன்னார். அதுக்கப்புறம் எனக்கு... அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல."

வாலு தலையைக் குனிந்துகொண்டான். அக்கா சோறு என்று எத்தனையோ பேர் அவனையும் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் அதைவிடப் பெரிய ஜோக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஒரு தடவை ஜோக் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"உடைஞ்சதைச் சரி பண்ணிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். முரடனைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். நடுக்கல்லைக் காணோம். பளபளன்னு வந்தாச் சரின்னு..."

"அவர் உள்ள இருக்கார்னு தெரிஞ்சும் என் கையால வாங்கிச் சாப்பிட்டியேடா!"

"அத்தான்தான்க்கா. முதல் நாளே லாக்கப்புக்குப் போயி அவர் காலைப் பிடிச்சேன். ‘உங்க அக்கா உன்னைத் தாயா வளத்தவ, தாங்க மாட்டா, நீ வாயைத் திறக்காதே’ன்னார். நான் பயந்துட்டேன்."

அவள் அவனை அடிப்பாள் என்று வாலு எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவன் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

மாமா போனைக் கையில் வைத்திருந்தார். நம்பரை அழுத்தவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வெளிய வரணும்னா..."

"தெரியும் சார்." அவள் மாடத்திலிருந்து மருந்து டப்பாவை எடுத்தாள். தம்பியின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் குடுங்க. மருந்து போட்டு விட்டுடறேன். அங்க யாரும் போட மாட்டாங்க."

மாமா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு புழக்கடைக்குப் போய், வாளியைப் பார்த்தபடி நின்றார்.

துணிப்பட்டையை வெட்டக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. வாலு தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். பட்டையின் இன்னொரு முனையை அவன் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் மூன்று விரல்களுக்கும் தனித்தனியாகக் கட்டுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சும் இறுக்கமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். தம்பி தேம்பிக்கொண்டே இல்லை என்றான்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"இப்பக் கூப்பிடுங்க சார்."